நாலரைக் கரட் நீலம்

பேருவளை சீனன் கோட்டையில் காலை பத்து மணிக்கெல்லாம் தெருவே கடையாகிவிடுகிறது. தொப்பியும் சாரமுமாகத் தரகர்கள். சட்டைப் பைகளில் மடித்த கடதாசிப் பொட்டலங்கள். ஒருவர் நின்ற இடத்திலேயே பொட்டலத்தைப் பிரிக்கிறார். இன்னொருவர் கல்லைத் தூக்கிப் பிடித்து வானத்தைப் பார்க்கிறார். விலை கேட்பதும் மறுப்பதும் தமிழில். பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காத குரலில்.

மாடியிலுள்ள சின்ன அறையில் மேசைக்கு ஒரு பக்கம் வாப்பா, மறுபக்கம் மகன். நான் மூலையில். மேசைமேல் வெள்ளைத்தாள், அதன்மேல் நீலக்கல் ஒன்று. டிஜிட்டல் தராசு 4.52 என்று காட்டுகிறது. ஒரு கிராம்கூட இல்லை. ஐந்து கரட் சேர்ந்தால்தான் ஒரு கிராம்.

வாப்பா கல்லை இடக்கையின் இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்துக் கையை ஜன்னல் பக்கம் நீட்டுகிறார். மின்விளக்கில் நிறம் பார்ப்பதில் அவருக்கு நம்பிக்கையில்லை. பிறகு லூப் என்ற உருப்பெருக்கியைக் கண்ணோடு ஒட்டிக் கல்லை மெல்லச் சாய்க்கிறார்.

"சூடு படாத கல் மகன். சில்க் நல்லாத் தெரியிது."

மகன் வாங்கிப் பார்க்கிறான். டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடிக்கிறான். நெடுநேரம் பேச்சில்லை.

"சில்க் இரிக்கி வாப்பா. ஆனா இந்த ஓரத்தப் பாருங்க. ஒரு குருணியச் சுத்தி வட்டமா ஒரு வெடிப்பு."

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். சில்க் என்பது கல்லுக்குள் மூன்று திசைகளில் ஓடும் மெல்லிய ரூட்டைல் ஊசிகள். கடும் வெப்பத்தில் அவை கரைந்து புள்ளி புள்ளியாக உடைந்துபோகும். அதனால் ஊசி முழுதாக இருந்தால் சூடு காட்டாத கல் என்று கொள்வது இங்குள்ள பழைய கணக்கு. ஆனால் குறைந்த வெப்பத்தில் சுட்டால் ஊசிக்கு ஒன்றும் ஆகாது. மறுபக்கம், உள்ளே அகப்பட்ட சிறு படிகத்தைச் சுற்றி வட்ட வெடிப்பு விழுவது பெரும்பாலும் சூட்டின் அடையாளம். ஆனாலும் இலங்கை நீலத்தில் ஸிர்கோன் துணுக்கைச் சுற்றி அப்படியொரு வளையம் இயற்கையாகவே வருவதுண்டு. பத்து மடங்கு பெருக்கும் லூப் இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. இதற்கு மேல் அகச்சிவப்புக் கதிர் அலைமாலையைப் படிக்கும் கருவி வேண்டும். அது பரிசோதனைக்கூடத்தில்தான் இருக்கிறது.

சூட்டின் கதை வாப்பாவுக்குப் புதிதல்ல. பால்படிந்தாற்போல் வெளிறிக் கிடந்த 'கெவுடா' கற்களை ஒரு காலத்தில் இங்கே யாரும் மதிக்கவில்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து அள்ளிப்போனார்கள். அங்கே 1,500 பாகை செல்சியசுக்கும் மேல் உலையில் வைத்ததும் உள்ளிருந்த ரூட்டைல் கரைந்து, அதிலிருந்த டைட்டானியம் இரும்போடு சேர்ந்து நீலமாக மாறியது. விஷயம் இந்த ஊருக்குத் தெரியவருமுன் எத்தனையோ கல் கப்பலேறிவிட்டது. சூடு காட்டிய கல்லும் இயற்கைக் கல்தான், அதை விற்பதில் தவறில்லை. சூடு காட்டியதைச் சொல்லாமல் விற்பதுதான் தவறு. நல்ல நிறமுள்ள, சூடு காணாத நீலத்துக்கு விலை மிகவும் கூடுதல் என்பதால், சூடு காட்டியதா என்ற அந்த ஒரு கேள்வியில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

இடையில் ஒரு தரகர் வருகிறார். "நானா, இதக் கொஞ்சம் பாருங்க." பொட்டலம் நிறையப் பொடி மஞ்சள் கற்கள். வாப்பா ஒரு பார்வை பார்த்து விலை சொல்லித் திருப்பிக் கொடுக்கிறார். அந்தக் கற்களுக்குச் சர்டிபிகட் என்ற பேச்சே எழவில்லை. ஒவ்வொன்றுக்கும் கட்டணம் கட்டினால் கல்லின் விலை அதிலேயே போய்விடும். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

தரகர் போனதும் வாப்பா சொல்கிறார்: "இந்தத் தெருவுல லட்சக்கணக்குப் பெறுமதியான கல்ல ரசீதே இல்லாமக் கையில குடுத்து விடுறோம். எங்கட வாய்ச்சொல்லுக்கு மேல என்ன கடதாசி?"

அது பெருமைக்காகச் சொன்னதல்ல. சற்று முன்புதான் இன்னொரு தரகர் பொட்டலமொன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். யாரும் எதுவும் எழுதவில்லை. பேரும் குடும்பமும் தெரிந்த ஊரில் அந்த நம்பிக்கை உறுதியானது. எனக்கு அதன்மேல் பெரிய மதிப்பு உண்டு.

மகன் தலையைக் குனிந்துகொண்டு பதில் சொல்கிறான். "உங்கட சொல்லு இந்தத் தெருவுக்குப் போதும் வாப்பா. ஹொங்கொங்ல வாங்குறவருக்கு உங்கட முகம் தெரியாதே."

வாப்பா பேசவில்லை. அவர் தயங்குவது கட்டணத்துக்காக அல்ல என்பது முகத்தில் தெரிகிறது. இன்றைக்கு இந்தக் கல் அவர் வாக்கில் சூடு படாத கல். அறிக்கை வேறு மாதிரி வந்துவிட்டால், தெரிந்துகொண்டே பழைய வாக்கைச் சொல்லி விற்க அவரால் முடியாது. போட்ட முதலில் பாதி நட்டம். போதாததற்குத் தன் கண் பிசகியது மகனுக்குத் தெரிந்துவிடும்.

கல் பிறந்த ஊர் விஷயமும் இருக்கிறது. இது இலங்கையின் எலஹெரவிலிருந்து வந்ததாகத் தரகர் சொன்னாராம். ஆனால் மடகஸ்கரில் 1990களின் கடைசியில் இலகாகா வயல் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து, அங்குள்ள நீலமும் இந்தச் சந்தைக்கு வருகிறது. இரண்டும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். சுவிட்சர்லாந்திலுள்ள கூபெலின், எஸ்எஸ்இஎஃப் போன்ற பெயர்பெற்ற கூடங்களும் பிறந்த இடத்தைத் தங்கள் கருத்தாகத்தான் எழுதித் தருகின்றன. ஒரே கல்லுக்கு இரண்டு கூடங்கள் இரண்டு நாட்டைச் சொல்லவும் கூடும். சூட்டைப் பற்றியும் "சூடு காட்டியதற்கான அறிகுறி காணப்படவில்லை" என்ற அளவில்தான் எழுதுவார்கள். சத்தியம் செய்ய மாட்டார்கள். என் பார்வையில் அது நேர்மையான எழுத்து.

பாங்கு சொல்லும் நேரம் நெருங்குகிறது. வாப்பா இன்னொரு தடவை ஜன்னலடியில் கல்லைப் பார்த்துவிட்டுக் கடதாசியில் வைத்து மடிக்கிறார்.

"முதல்ல கொழும்புக்குக் கொண்டு போ. அதிகாரசபை லெப்ல காட்டு. நல்லா வந்தா சுவிஸுக்கு அனுப்பலாம். வராட்டி, சூடு காட்டின கல் எண்டு செல்லியே விப்போம்."

தேசிய மாணிக்கக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை 1993ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. பெரிய செலவுக்கு முன் அதன் பரிசோதனைக்கூடத்தில் காட்டுவது புத்திசாலித்தனம். மகன் பொட்டலத்தின்மேல் 4.52 என்று எழுதுகிறான்.

கல் வாங்கப்போகும் உங்களுக்கு ஒரு வார்த்தை. விலை, "சூடு படாதது" என்பது போன்ற ஒரு வாக்கின்மேல் நின்றால், நீங்களே தேர்ந்தெடுத்த கூடத்தின் அறிக்கையைக் கேளுங்கள், செலவைப் பாராதீர்கள். அறிக்கையிலுள்ள எடையும் மில்லிமீட்டர் அளவும் கையிலுள்ள கல்லோடு ஒத்துப்போகின்றனவா என்று தராசில் வைத்தே பாருங்கள். நல்ல அறிக்கையோடு வேறு கல் வருவதும் உண்டு. அறிக்கை எண்ணை அந்தக் கூடத்திலேயே சரிபாருங்கள். சின்ன மோதிரக் கல்லுக்கு இத்தனையும் வேண்டாம். இயற்கைக் கல்லா, செயற்கையா, சூடு காட்டியதா என்று பில்லில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.