தாழும் தாக்கோலும்

மலையாள நாட்டில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்கள் நாள்தோறும் செவியுறும் சொற்களுள் ஒன்று 'தாக்கோல்'. தாழைத் திறக்கும் கோல் தாழ்க்கோல். அதுவே தாக்கோல் என நின்றது. நாமோ போர்த்துக்கீசியர் வழி வந்த 'சாவி'யைக் கைக்கொண்டு, பழஞ்சொல்லை அண்டை வீட்டாரிடம் விட்டுவைத்தோம். வள்ளுவர் அன்புடைமை அதிகாரத்தின் முதற்குறளில் ஆண்ட 'தாழ்' பாலக்காட்டுக் கடைத்தெருவில் இன்றும் உலவுகின்றது. இவ்வாராய்ச்சியில் நம்மை இறக்கியது புலமையன்று. நம் காரின் கதவுப் பூட்டேயாகும்.

மத்திய அரசு எழுத்தராகிய நமக்குத் தந்தையார் வைத்துச் சென்ற சொத்து ஓர் அம்பாசடர் வண்டி. 'மோரிஸ் ஆக்ஸ்போர்டு' என்னும் ஆங்கிலேய வண்டியின் சாயலில், கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் உருவான இனம் அது. 2014 மே மாதத்தில் அதன் உற்பத்தி நின்றது. 2017-இல் அதன் பெயருரிமையும் 80 கோடி ரூபாய்க்குப் பிரெஞ்சு நிறுவனமாகிய பெஜோவிடம் சென்றது. ஆயினும் முழங்கால் மடங்காத அன்னையாரைக் கோவை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல அதன் உயர்ந்த இருக்கையே ஏற்றது.

சென்ற ஆடி மாதத்து மழை இரவொன்றில், குமுளியில் மைத்துனர் இல்லத்து வாயிலில் நின்ற அவ்வண்டியின் வலப்பக்க முன்கதவை யாரோ கம்பியிட்டு நெம்பிவிட்டனர். வண்டி போகவில்லை, பூட்டுப் போயிற்று. கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு மலைப்பாதையில் கம்பம் வரை இறங்கிய அச்சம் சொல்லில் அடங்காது. பதிவு பெற்றுப் 15 ஆண்டுகள் கடந்த சொந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்தாக வேண்டும். அச்சோதனைக்கு ஒரு திங்களே எஞ்சியிருந்தது. மூடாத கதவோடு சென்றால் வண்டியைக் காயலான் கடைக்கு அனுப்புவதன்றி வேறு வழியில்லை.

பாலக்காட்டுப் பட்டறையார் பார்த்ததும், "சாறே, இது இனி கிட்டில்லா" என்று கைவிரித்தார். எனினும் கதவின் உள்தகட்டைக் கழற்றிப் பழுதின் இயல்பைப் பொறுமையுடன் விளக்கினார். கார்க்கதவின் பூட்டு ஒரு பொருளன்று; சிறு கூட்டுக் குடும்பம். வெளியே கைப்பிடி, சாவி நுழையும் உருளை, கதவினுள் மறைந்திருக்கும் பூட்டு, அதன் நாக்கைப் பற்றிக்கொள்ளத் தூணில் பதித்த தகடு, இவற்றை இணைக்கும் கம்பிகள், சுருள்வில்கள். நம் கதவில் உருளையின் கூடு பிளந்திருந்தது, பூட்டின் நாக்கு ஒடிந்திருந்தது, ஏனையவை நலமே.

ஒரு நாள் தற்செயல் விடுப்பெடுத்து, வாளையாறு தாண்டிக் கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளை அடைந்தோம். மூன்றாம் கடையில் நம் வண்டியின் பூட்டே கிடைத்தது. மகிழ்ச்சியோடு விலை கேட்டபோது கடைப் பெரியவர் சிரித்தார். "இது இடப்பக்கத்துப் பூட்டுங்க, வலப்பக்கத்துக்குச் சேராதுங்க. ரெண்டும் கண்ணாடியில பாக்கற மாதிரிங்க." விற்றால் ஆதாயம் அவருக்கே, ஆயினும் விற்க மறுத்தார். அடுத்த வாரம் வரச்சொல்லி, எங்கிருந்தோ வலப்பக்கத்துப் பூட்டையும் உருளையோடு கூடிய கைப்பிடியையும் வருவித்துத் தந்தார்.

இனியும் ஒரு சிக்கல். புதிதாய் வந்த உருளைக்குத் தந்தையாரின் சாவி பொருந்தவில்லை. ஒரு வண்டிக்கு இரு சாவிகள் இருந்தால் என்ன என்று பிறர் கேட்கலாம். முப்பதாண்டுகள் அவர் விரல்பட்டுத் தேய்ந்த அச்சாவியை ஆணியில் மாட்டி வைக்க அன்னையார்க்கு மனம் ஒப்பவில்லை.

பாலக்காட்டிலிருந்து குமுளிக்குச் செல்வோர், ஒரு கேரள மாவட்டத்திலிருந்து மற்றொன்றுக்குத் தமிழ்நாட்டின் வழியே செல்லலாம் என்பதை நம்மவர் அறிவர். பொள்ளாச்சி, பழனி வழியாகச் சென்றோம். 1920-இல் ஜி. டி. நாயுடு தம் முதற் பேருந்தை ஓட்டிய சாலை அது. பழனி கடந்ததும் திண்டுக்கல்லுக்கு ஒதுங்கினோம். கையால் செய்யும் இரும்புப் பூட்டுக்குப் பேர்போன அவ்வூர்ப் பூட்டுகள் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றன. அங்கே முதிய பூட்டுத் தொழிலாளர் ஒருவர் பிளந்த உருளையினின்று பித்தளைத் தகடுகளை ஒவ்வொன்றாய் எடுத்து, வரிசை பிறழாமல் புதிய உருளையில் அடுக்கினார். உருளை வேறாயினும், எந்தச் சாவிக்கு இணங்குவது என்பதை முடிவு செய்பவை உயரம் வேறுபட்ட அத்தகடுகளே. அரை மணியில் பழைய சாவி திரும்பிற்று. பின்னிருக்கையிலிருந்த அன்னையார் அதைக் கேட்டு வாங்கித் தாமும் ஒருமுறை திருகிப் பார்த்தார்.

குறித்த நாளுக்கு முன்னரே வண்டி சோதனையில் தேறியது. பழவண்டி வைத்திருக்கும் அன்பர்க்கு நாம் சொல்வது இவ்வளவே: ஒடிந்த பகுதியை எறியாதீர், அதையே கையிற்கொண்டு கடை ஏறுவீர், வலமா இடமா என்று குறித்துக்கொள்வீர், உருளை உடைந்தாலும் அதனுள்ளிருக்கும் தகடுகளைப் பேணுவீர். உக்கடத்து இடப்பக்கப் பூட்டையும் பின்னர் வாங்கி எண்ணெய் தடவித் தகரப் பெட்டியில் வைத்துள்ளோம். நம் சங்கத்தார் எவர்க்கேனும் அது வேண்டுமாயின் இல்லம் வந்து பெற்றுக்கொள்ளலாம்.