முதல்ல பாலம், அப்புறம்தான் ஊர்

ஹைதராபாத்துக்கு ஊர்லேர்ந்து யாராவது வந்தா கூட்டிட்டுப் போறதுக்குன்னு நம்ம எல்லார் வீட்டிலும் ஒரு பட்டியல் இருக்கும். சார்மினார், கோல்கொண்டா, சாலார்ஜங் மியூசியம், பிர்லா மந்திர், நேரம் இருந்தா ராமோஜி ஃபிலிம் சிட்டி. எங்கப்பாவுக்கு இதெல்லாம் ரெண்டு ரவுண்டு முடிஞ்சாச்சு. அம்மா போனதுக்கப்புறம் "இனிமே எங்களோடயே இருந்துடுங்க"ன்னு நானும் தங்கமணியும் சொல்றதும், பதினஞ்சாம் நாள் அவர் பையைக் கட்டிக்கிட்டு திருவையாறு கிளம்பறதும் வழக்கமாயிடுச்சு. காரணம் கேட்டா ஒரே பதில்தான். "ஆறு இல்லாத ஊர்ல எப்படிடா இருக்கிறது?"

பொதுப்பணித்துறையில லஸ்கரா முப்பது வருஷம் மதகு ஷட்டரை ஏத்தி இறக்கினவர். அவர்கிட்ட ஹுசேன் சாகரைக் காட்டிச் சமாளிக்க முடியாது. இந்தத் தடவை மூசி ஆத்துக்கே கூட்டிட்டுப் போயிடலாம்னு முடிவு பண்ணினேன். (தங்கமணி: "கூட்டிட்டுப் போய் சாக்கடையைக் காட்டப் போறீங்களா?")

கூகட்பல்லியிலேர்ந்து மெட்ரோ, உஸ்மானியா மெடிக்கல் காலேஜ் ஸ்டேஷன்ல இறங்கி ஒரு ஆட்டோ. போன இடம் புரானாபுல். புல்னா இங்கே பாலம். பேரே பழைய பாலம்தான். கோல்கொண்டாவை ஆண்ட இப்ராஹிம் குதுப் ஷா காலத்துல, 1578ல கட்டினது. சார்மினார் 1591. அதாவது ஹைதராபாத்னு ஒரு ஊர் வர்றதுக்கு பதிமூணு வருஷம் முன்னாடியே, அக்கரைக்குப் போக வழி வந்தாச்சு.

இதுக்கு ஒரு காதல் கதையும் உண்டு. இளவரசர் முகமது குலி, அக்கரையில இருந்த பாக்மதியைப் பார்க்க வெள்ளத்துல குதிரையை இறக்கினாராம், பயந்துபோன அப்பா பாலம் கட்டினாராம். சினிமாவுக்கு நல்லா இருக்கும். ஆனா பாலம் கட்டின வருஷம் இளவரசருக்கு வயசு பன்னிரண்டு பதிமூணுதான்!

பதினேழாம் நூற்றாண்டுல இங்கே வந்த பிரெஞ்சு வியாபாரி தாவெர்னியே, பாரிஸ்ல இருக்கிற போன் நஃப் பாலத்துக்கு அழகுல இது குறைச்சலில்லைன்னு எழுதியிருக்கார். அந்தப் பாலத்தையும் கட்ட ஆரம்பிச்சது அதே 1578லதான். போன் நஃப்னா 'புதுப்பாலம்'. பாரிஸ்ல இன்னிக்கு நிக்கிற பாலங்கள்லயே அதுதான் பழசு!

நாங்க போன அன்னிக்கு ஆத்துல தண்ணி கறுப்பா, நுரையோட ஓடிட்டிருந்தது. அப்பா துண்டை எடுத்து மூக்கைப் பொத்திக்கிட்டார். "இதையா ஆறுங்கறே?" போச்சுடான்னு நினைச்சேன். ஆனா அவர் கண்ணு தண்ணியில இல்லை. வரிசையா நிக்கிற இருபதுக்கும் மேற்பட்ட கல் வளைவுகளையும், அதைத் தாங்கற தடித்தடி கால்களையும் பார்த்துக்கிட்டே கைப்பிடிச் சுவரோரமா நடந்தார். கொஞ்ச நேரம் கழிச்சு சொன்னார்: "கட்டினவன் கோடையைப் பார்த்துக் கட்டலைடா. வெள்ளத்தைப் பார்த்துக் கட்டியிருக்கான்."

அப்பதான் 1908 கதையைச் சொன்னேன். அந்த செப்டம்பர் 28ஆம் தேதி பேய்மழை. மேலே இருநூறுக்கும் அதிகமான ஏரிகள் உடைஞ்சு, மொத்தத் தண்ணியும் ஊருக்குள்ள வந்தது. செத்தவங்க பதினஞ்சாயிரம் பேர் வரைக்கும் இருக்கும்னு கணக்கு. அஃப்சல் பாலம், முசல்லம் ஜங் பாலம், சாதர்காட் பாலம் மூணும் போச்சு. அடிபட்டாலும் நின்னது இந்தக் கிழவன் ஒருத்தன்தான். உஸ்மானியா ஆஸ்பத்திரி வளாகத்துல இன்னிக்கும் இருக்கிற ஒரு புளியமரத்துல ஏறி நூத்தைம்பது பேர் பிழைச்சாங்க. அதுக்கப்புறம்தான் விஸ்வேஸ்வரய்யாவைக் கூப்பிட்டு யோசனை கேட்டு, உஸ்மான் சாகர் 1920லயும், ஹிமாயத் சாகர் 1927லயும் வந்தது.

"ஏரி உடைஞ்சா அப்படித்தான்"னார் அப்பா. ஷட்டர்காரர் குரல் திரும்பி வந்திருந்தது. ரெண்டு அணைக்கும் எத்தனை கதவு, யார் திறக்கிறாங்கன்னு கேள்வி மேல கேள்வி. எனக்கு ஒண்ணுக்கும் பதில் தெரியலை. ஆனா அவர் இவ்வளவு பேசிக் கேட்டு எத்தனையோ மாசம் ஆச்சு.

பாலத்து மேல இப்ப காய்கறிக் கடைங்க. வண்டியெல்லாம் பக்கத்துல இருக்கிற புதுப்பாலத்துல போயிடுது. ஒரு அம்மா கீரைக்கட்டை நீட்டி "தாத்தா, கோங்குரா!"ன்னாங்க. தாத்தா தெலுங்குலயும் தாத்தாதான். நம்ம புளிச்சகீரைன்னு தெரிஞ்சதும் அப்பா உட்கார்ந்துட்டார். அவர் தமிழ்ல பேரம், அந்தம்மா தெலுங்குல பதில், நடுவுல விரல் கணக்கு. மூணு கட்டு வாங்கினதுல ஒரு கட்டு கொசுறு!

எனக்கு அங்கே நிக்கும்போது தோணினது இதுதான். நாமளும் ஊர் பிடிச்சு இங்கே வரலை. வேலை வழி விட்டது, வந்தோம். பால்காரர், பக்கத்து வீடு, பாப்பாவோட ஸ்கூல்னு ஊர் அதுக்கப்புறம் வந்து சேர்ந்தது. எழுபத்து மூணு வயசுல ஒருத்தரை வான்னு கூப்பிட்டா, முதல்ல அவருக்கு ஒரு வழி வேணும்.

திரும்பி வரும்போது மெட்ரோவுல அப்பா சொன்னார்: "ஆடிப்பெருக்குக்கு நான் ஊர்ல இருக்கணும். அப்புறம் பார்ப்போம்."

அந்த "அப்புறம் பார்ப்போம்" இதுவரைக்கும் அவர் வாயில வந்ததே இல்லைங்க. தங்கமணி அவர் அறைக்கு ஒரு ஈஸிசேர் பார்த்துட்டிருக்காங்க.

நீங்களும் போறதா இருந்தா காலையிலேயே போயிடுங்க. கீரை ஃப்ரெஷ்ஷா கிடைக்கும். கையில சில்லறை இருக்கட்டும்.