வராத டிக்கெட்டின் மேல் வாங்கிய கடன்

மே 2001-இல் லீட்ஸ் யுனைடெட் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் வலென்சியாவிடம் தோற்றது. மே 2004-இல் பிரீமியர் லீகிலிருந்தே கீழே இறங்கிவிட்டது. நடுவில் மூன்றே வருடம். இந்தக் கதையைப் பேசுகிறவர்கள் கிளப் தலைவர் பீட்டர் ரிட்ஸ்டேல் தன் அறையில் வைத்திருந்த தங்கமீன் தொட்டியை இழுக்காமல் விடமாட்டார்கள். அதன் வாடகை வருடத்துக்கு 240 பவுண்ட். மீன் பாவம், அது யாரையும் திவாலாக்கவில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. நான் ஒரு வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறேன். நகை, வீட்டுப் பத்திரம், சம்பளச் சீட்டு என்று தினமும் ஈடு பார்க்கிற வேலை. செப்டம்பர் 2001-இல் லீட்ஸ் வாங்கிய 6 கோடி பவுண்ட் கடனுக்கு ஈடு என்ன தெரியுமா? அடுத்த 25 வருடங்களுக்கு விற்கப்போகும் சீசன் டிக்கெட்டுகள். அன்றைக்குத் தொட்டிலில் கிடந்த பிள்ளை வளர்ந்து, வேலைக்குப் போய், தன் காசில் வாங்கப்போகும் டிக்கெட்டும் அதில் சேர்த்தி. ரசிகன் டீமை மாத்த மாட்டான், அப்பா உட்கார்ந்த இடத்துல மகன் உட்காருவான். கடன் கொடுப்பவர் கண்ணுக்கு இதைவிட நல்ல ஈடு ஏது?

வீரர்களை வாங்கும் கணக்கும் கொஞ்சம் மயக்கக்கூடியதுதான். நவம்பர் 2000-இல் ரியோ ஃபெர்டினாண்டை வெஸ்ட் ஹாமிடமிருந்து 1.8 கோடிக்கு வாங்கினார்கள். ஐந்து வருட ஒப்பந்தம் என்று வைத்துக்கொண்டால், ஏட்டில் வருடத்துக்கு 36 லட்சம்தான் செலவாக ஏறும். சாதுவான எண். இப்படிப் பத்துப் பேரை வாங்கினாலும் முதல் வருடம் பெரிசா வலிக்காது. ஆனால் சம்பளம் வாரா வாரம் ரொக்கமாகப் போகணும். அதைக் கட்ட சாம்பியன்ஸ் லீக் பணம் வரணும். 2000-01 சீசனில் லீட்ஸ் நான்காவது இடம். அப்போது இங்கிலாந்திலிருந்து மூன்று அணிகளுக்குத்தான் வாய்ப்பு. மூன்றாவது வந்த லிவர்பூலைவிட ஒரே ஒரு புள்ளி குறைவு. அந்தப் பணம் வராது என்று தெரிந்த பிறகுதான் அந்த 6 கோடியை வாங்கியிருக்கிறார்கள். எங்கள் மேனேஜர் மேசையில் இந்த விண்ணப்பம் வந்திருந்தால் டீ ஆறுவதற்குள் திருப்பி அனுப்பியிருப்பார்.

அப்புறம் நடந்தது விற்பனை. 2002-இல் ஃபெர்டினாண்ட் சுமார் 3 கோடிக்கு மான்செஸ்டர் யுனைடெட் போனார். லாபம்தானே என்று தோன்றும். வட்டி கட்ட விற்ற நகையிலும் லாபம் வருவதுண்டு. ராபி ஃபவுலரை மான்செஸ்டர் சிட்டிக்கு விற்றுவிட்டு, அவர் சம்பளத்தில் ஒரு பங்கை லீட்ஸே தொடர்ந்து கட்டியது. கடைசி ஹோம் மேட்சில் ரசிகர்கள் ஆலன் ஸ்மித்தைத் தோளில் தூக்கிப் போனார்கள், உள்ளூர்ப் பையன். அந்தக் கோடையிலேயே அவரும் மான்செஸ்டர் யுனைடெட். அதே 2004-இல் எல்லண்ட் ரோடு மைதானமும் கை மாறியது. 2007-இல் கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போய், மூன்றாம் படிநிலைக்கு விழுந்தது. இங்கிலாந்துக் கால்பந்தில் ஒரு விதி: கிளப் திவாலானால் வீரர்களுக்கும் மற்ற கிளப்புகளுக்கும் பாக்கி முழுசாகப் போகணும். அன்றைக்கு வரித்துறையும் ஊர்க்காரச் சிறு வியாபாரிகளும் மிச்சத்தைத்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. பணக்காரனுக்கு முதல் பந்தி.

16 வருடம் கழித்து, 2020-இல் லீட்ஸ் பிரீமியர் லீகுக்குத் திரும்பியது. அந்த செப்டம்பரில் எல்லண்ட் ரோடில் முதல் ஆட்டம், ஃபுல்ஹாமை 4-3 என்று ஜெயித்தார்கள். கொரோனா காலம். இருக்கைகள் எல்லாம் காலி, ஒரு டிக்கெட்கூட விற்கவில்லை.