சொட்டு நீலம்

ஃப்ளஷ் டேங்குக்கு இங்கிலாந்தில் ஒரு பழைய பெயர் உண்டு: ‘வாட்டர் வேஸ்ட் பிரிவென்டர்’. தண்ணீர் வீணாகாமல் தடுப்பது. கழிவறைக்கு நேரடியாகக் குழாய் கொடுத்தால் ஆட்கள் திறந்துவிட்டுப் போய்விடுகிறார்கள் என்று 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த தண்ணீர் கம்பெனிகளுக்குக் கவலை. ஒரு தடவைக்கு ஒரு தொட்டி, அதற்குமேல் கிடையாது என்பதுதான் ஏற்பாடு.

அந்தத் தொட்டியின் அடியில் திறந்து மூடுகிற அடைப்பே இருக்காது. சைஃபன்தான். தண்ணீர் ஒரு வளைவில் மேலே ஏறி அந்தப் பக்கம் விழவேண்டும். சங்கிலியை இழுத்து முதல் தள்ளு கொடுத்தால்தான் ஏறும். தானாக ஏறாது, அதனால் ஒழுகவும் செய்யாது. சின்ன வயதில் நாங்கள் இருந்த ரயில்வே குவார்ட்டர்ஸில் தலைக்கு மேலே ஒரு இரும்பு டேங்க் இருந்தது. இழுத்தால் வீடே அதிரும். அதுவும் இந்த வகைதான். மிதவை கெட்டு நிரம்பி வழிந்தால் அதற்கென்று ஒரு குழாய் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். “உங்க வீட்ல டேங்க் வழியுதுங்க” என்று தெருவில் போகிறவர் சொல்லிவிட்டுப் போவார்.

பிரிட்டனில் 2001 பிறக்கும்வரை சைஃபன்தான் விதி. பிறகு அங்கும் வால்வை அனுமதித்துவிட்டார்கள். நம் கடைகளில் இப்போது பெரும்பாலும் வால்வுதான். அடியில் ஒரு ஓட்டை, அதன்மேல் ஒரு ரப்பர் வாஷர். பட்டனை அமுக்கினால் எழும்பும், தண்ணீர் விழும், மறுபடி உட்காரும். நிரம்பி வழிவதும் உள்ளேயே ஒரு குழாய் வழியாகக் கோப்பைக்குள் இறங்கிவிடுகிறது. வெளியே ஒரு சொட்டு தெரியாது. வீட்டுக்காரருக்கும் தெரியாது, தெருவுக்கும் தெரியாது.

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் காய்ந்தபோது எங்கள் குடியிருப்பின் பன்னிரண்டு வீடுகளும் லாரித் தண்ணியை நம்பியிருந்தோம். சம்ப்பில் நிரப்பியது கணக்குக்கு முன்பே தீர்ந்தது. யாரோ அதிகம் செலவழிக்கிறார்கள் என்று பேச்சு. தரைத்தளத்தில் ஒரு அம்மா. கணவர் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. தினமும் இரண்டு தடவையாவது துணி அலசவேண்டும், அது கொடியில் எல்லார் கண்ணிலும் பட்டது. “கொஞ்சம் பாத்து செலவு பண்ணுங்கம்மா” என்று ஒருவர் சொல்லியேவிட்டார். மறுநாளிலிருந்து அந்த அம்மா துணி மூட்டையை ஆட்டோவில் தங்கை வீட்டுக்கு அனுப்ப ஆரம்பித்தார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சொட்டு நீலம் பாட்டிலோடு வீடு வீடாகப் போனேன். டேங்க் மூடியைத் தூக்கி நாலு சொட்டு. அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ணக்கூடாது. கோப்பைத் தண்ணீர் நீலமானால் ஒழுகுகிறது என்று அர்த்தம். “என்ன சார், டாய்லெட்டுக்கும் சொட்டு நீலமா?” என்று சிரித்தார்கள். நான்கு வீடுகளில் நீலம் இறங்கியது. இரண்டாம் மாடி வீட்டில், ராத்திரி ‘ஸ்ஸ்’ என்று தானாகவே சத்தம் வருகிறது, பேய் என்று குழந்தை பயப்படுகிறது என்றார்கள். பேயில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகி மட்டம் இறங்குகிறது, மிதவை தாழ்கிறது, தண்ணீர் திறந்துகொள்கிறது, நிரம்பி நிற்கிறது. விடியவிடிய இதே கதை.

தரைத்தள வீட்டில் சோதிக்கவே ஒன்றுமில்லை. அவர்கள் ஃப்ளஷ் உபயோகிப்பதில்லை. வாளிதான்.

ஒழுகல் இரண்டு இடத்தில் நடக்கும். உள்ளே நிற்கும் குழாயின் வாயைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தால் மேலே கோளாறு: மிதவையைத் தாழ்த்தவேண்டும், அல்லது தண்ணீரை நிறுத்தும் வால்வில் மண் சிக்கியிருக்கும். அதற்குக் கீழே மட்டம் நின்றால் ஆங்கிள் காக்கை மூடிவிட்டு உட்சுவரில் பென்சிலால் கோடு போட்டுப் பார்க்கலாம். கோட்டைவிட்டு இறங்கினால் அடி வாஷர்தான். ஒரு வீட்டில் ஒரு மணி நேரத்தில் மூன்று விரல் இறங்கியது, சுமார் மூன்று லிட்டர். நாளைக்கு 72 லிட்டர், ஐந்து குடம்! அந்த மாதங்களில் ஐந்து குடத்துக்கு எத்தனை நேரம் வரிசையில் நின்றார்கள் என்பது சென்னைக்காரர்களுக்குத் தெரியும்.

பிளம்பர் வந்து, “ஃபிட்டிங்ஸ் மொத்தமா மாத்திடலாம் சார். போர் தண்ணி, எதுவும் தாங்காது” என்றார். பாதி உண்மை. போர் தண்ணியின் உப்பு வாஷர் மீதும் அது உட்காரும் விளிம்பிலும் சுண்ணாம்பாகப் படிகிறது. ரப்பர் சமமாக உட்காராது. இரண்டு வீடுகளில் வாஷரை வினிகரில் ஊறவைத்துத் தேய்த்ததே போதுமாயிருந்தது. மற்ற இரண்டிலும் ரப்பர் விறைத்துப்போயிருந்தது. அதே அளவில் புது வாஷர் வாங்கிப் போட்டோம். டேங்குக்குள் போடும் பிளீச்சிங் வில்லைகளும் ரப்பரைக் கெடுக்கும், வாசனைக்காக அதைச் செய்யவேண்டாம். வேகம் குறைந்த ஃப்ளஷுக்கும் பல சமயம் காரணம் உப்புதான், கோப்பை விளிம்பின் அடியிலிருக்கும் துளைகளை அடைத்துவிடுகிறது.

அடுத்த கூட்டத்தில் நான்கு வீட்டு எண்களையும் படித்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தரைத்தள வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டேன், “அதான் சரியாயிடுச்சே சார்” என்றார் அவர். நான்தான் போனேன். அந்த அம்மா காபி கொடுத்தார். துணி ஆட்டோவில் போவது மட்டும் மழை வரும்வரை நிற்கவில்லை.

இப்போது கட்டுகிற பல ஃப்ளாட்டுகளில் டேங்க் சுவருக்குள்ளேயே போய்விட்டது. தூக்கிப் பார்க்க மூடியும் இல்லை. பட்டன் இருக்கும் பிளேட்டைக் கழற்றினால் கை நுழையுமளவு வழி இருக்கும். சொட்டு நீலத்தை அதன் வழியாக விடலாம்.