கொரியன் புல்லும் நம்ம ஊர் அருகும்

ஸ்ரீரங்கத்துல தண்ணிக் கஷ்டம்னு சொன்னா வெளியூர்க்காரங்க சிரிப்பாங்க. ஒரு பக்கம் காவிரி, இன்னொரு பக்கம் கொள்ளிடம், நடுவுல தீவா ஊர். ஆனா மேட்டூர் திறக்கிற வழக்கமான தேதி ஜூன் 12. அதுக்கு முன்னாடி மே மாசத்துல அம்மா மண்டபம் படித்துறையில நின்னு பாருங்க, பல வருஷம் தண்ணியை விட மணல்தான் அதிகமாத் தெரியும்.

இந்தக் கோடையில எங்க அபார்ட்மெண்ட்ல ஒரு பஞ்சாயத்து. வாசல்ல 100 சதுர மீட்டருக்குப் புல்தரை இருக்கு. போர் தண்ணி கீழ போயிட்டிருக்கு, புல்லைப் பிடுங்கிட்டு சிமெண்ட் கல் பாவிடலாம்ங்கறது செகரட்டரி மாமா கட்சி. எனக்கு அதுல சம்மதமில்லை. சாயந்திரம் பசங்க உருண்டு விளையாடற ஒரே இடம் அது. கல்லைப் போட்டா ராத்திரி வரைக்கும் அனல் அடிக்கும், பெய்யற கொஞ்ச மழையும் ரோட்டுக்கு ஓடிடும்.

சரி, கணக்குப் பார்ப்போம் (பொட்டி தட்டறவனுக்கு வேற என்ன தெரியும்!). ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணி நின்னா அது ஒரு லிட்டர். அப்போ எங்க புல்தரைக்கு ஒரு மி.மீ.ன்னா 100 லிட்டர். திருச்சி வெயில்ல ஒரு நாளைக்கு 6, 7 மி.மீ. ஆவியாகிற அளவு சூடுன்னு வச்சுக்குங்க. வெப்ப நாட்டுப் புல்லுக்கு அதுல சுமார் 60 சதவீதம் போதும். அதாவது 4 மி.மீ., 400 லிட்டர். எங்க ஹோஸ்ல 20 லிட்டர் பக்கெட்டை வச்சுப் பார்த்தேன், ஒரு நிமிஷத்துல ரொம்புது. தினம் ஒரு மணி நேரம் விடறோம். 1200 லிட்டர்! தேவையைப் போல மூணு மடங்கு.

"கீழ போற தண்ணி திரும்ப நம்ம போருக்குத்தானேடா வரப்போறது?"ன்னு மாமா மடக்கினார். நியாயமான கேள்விதான். கொஞ்சம் வரும். ஆனா பாதி நேரம் ஹோஸ் பத்து மணி வெயில்ல ஓடுது, ஒரு பங்கு வாசல் சாக்கடைக்குப் போகுது, இறங்கினதை மறுபடி மேல ஏத்த கரண்ட் பில்லு வேற.

தினம் மேலாக்க நனைச்சா வேரும் மேலயே சோம்பேறியா நிக்கும். இடைவெளி விட்டு ஆழமா நனைச்சா தண்ணியைத் தேடிக் கீழ போகும். காலால மிதிச்சுப் பாருங்க. மிதிச்ச தடம் நிமிராம அப்படியே இருந்தா, பச்சை கொஞ்சம் சாம்பலா மாறினா, அப்போ விட்டாப் போதும். எங்க மண் ஆத்து மணல் கலந்தது, ரொம்ப நாள் ஈரம் பிடிக்காது. அதனால வாரம் ரெண்டு தடவை, 70 நிமிஷம். வாரத்துக்கு 8400 லிட்டர் 2800 ஆகுது. புல்லையும் ஒட்ட வெட்டக்கூடாது. கொஞ்சம் உயரமா இருந்தா அதோட நிழலே மண்ணைக் காக்கும்.

ஆஸ்திரேலியாவுல பெர்த் நகரத்துல 2001லயே ஸ்பிரிங்க்ளருக்கு வாரம் ரெண்டு நாள்னு வச்சுட்டாங்க. எந்த நாள்ங்கறது வீட்டு நம்பரோட கடைசி இலக்கத்தைப் பொறுத்தது. காலை 9லேர்ந்து சாயந்திரம் 6 வரைக்கும் போடவே கூடாது. அமெரிக்காவுல லாஸ் வேகஸ் இருக்கிற நெவாடா மாநிலம் இன்னும் ஒரு படி மேல. 2021ல சட்டமே போட்டாச்சு: யாரும் கால் வைக்காத அலங்காரப் புல்லுக்கு, 2026 முடிஞ்சதும் கொலராடோ ஆத்துத் தண்ணி கிடையாது. (தனி வீடுகளுக்கு விலக்கு உண்டு.) கால் வைக்கிற புல், வைக்காத புல்னு பிரிச்சாங்க பாருங்க, அது எனக்குப் பிடிச்சிருந்தது. எங்களோடது பசங்க உருள்ற புல்லு!

தமாஷ் என்னன்னா, பெர்த்துல ‘கவுச்’னும் அமெரிக்காவுல ‘பெர்முடா’ன்னும் வறட்சி தாங்கறதுக்காக வளர்க்கிற புல் வேற ஒண்ணுமில்லை, நம்ம அருகம்புல். மலைக்கோட்டை அடிவாரத்துல மாணிக்க விநாயகருக்குக் கட்டு கட்டா வாங்கிப் போடறோமே, அதேதான். கல்யாணத்துல அருகு போல வேரோடணும்னு வாழ்த்தறதும் சும்மா இல்லை. காஞ்சு கருகினாலும் தரைக்கடியில தண்டு உயிரோட இருக்கும், ஒரு மழைக்குத் துளிர்க்கும். எங்க வாசல்ல இருக்கிறது நர்சரியிலேர்ந்து வந்த கொரியன் புல். அதுக்கு நடுவுல தானா முளைக்கிற அருகைக் களைன்னு பிடுங்கறதுக்கு மாசாமாசம் கூலி வேற குடுக்கிறோம்!

தோட்டக்கார அண்ணன்கிட்ட, "அருகைப் பிடுங்காதீங்கண்ணே"ன்னு சொன்னேன். "அப்ப கொரியனுக்குத் தம்பி?"ன்னார். தாங்கினா தாங்கட்டும், இல்லேன்னா இது பரவட்டும்னேன். பிடுங்கற கூலி போயிடுமோன்னு அவருக்குக் கவலை. குறைக்கப் போறதில்லைன்னு மாமாகிட்டேயே சொல்ல வச்சப்புறம்தான் சிரிச்சார்.

அசோசியேஷன்ல ஆடி வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க. சிமெண்ட் கல் கொட்டேஷன் மாமா பையிலதான் இருக்கு. திங்களும் வியாழனும் காலைல ஆறு மணிக்கு மோட்டார் போடறது என் டியூட்டி.