புழுதியும் வெருளியும்

எங்கட வீட்டுக் கேற்றில் இருந்து ஒழுங்கை முகப்புக்குச் சரியாக 210 காலடி. எண்ணிப் பார்த்திருக்கிறேன். புழுதியோடு நடக்கத் தொடங்கின முதல் மூன்று கிழமையும் நாங்கள் நாற்பதைத் தாண்டவில்லை. நாற்பதாவது காலடியில் முன்வீட்டு மதில் முடியும். அங்கே நின்றால் கட்டி முடியாத ஒரு மாடிவீடு தெரியும். அதற்கு முன்னால் ஒரு கம்பு. கம்பில் பழைய காற்சட்டை, கோடு போட்ட சேர்ட், தலைக்குச் சுண்ணாம்புப் புள்ளி குத்தின மண்பானை. வெருளி.

வீடு கட்டுற ஆக்கள் கண்ணூறு படக்கூடாது என்று வைக்கிறது. ஊர்ச்சனம் ஒருத்தரும் அதைப் பார்த்து வெருண்டதாகத் தெரியவில்லை. வெருண்டது என் நாய் ஒன்றுதான்.

வெருளி மட்டும் என்றால் பரவாயில்லை. விரித்த குடை, உரப்பை, காற்றில் அடிக்கிற நீலப் படங்கு, கவிழ்த்து வைத்த வாளி, கலியாணவீட்டுக் கேற்றில் கட்டின வாழை, முன்வீட்டு மாமி மதிலோடு சாத்தி வைக்கிற தும்புத்தடி. இவ்வளவுக்கும் நடுங்குவாள். ஆனால் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் காதைக் கிழித்துக்கொண்டு போனால் திரும்பியும் பார்க்கமாட்டாள். பாண்காரரின் ஓட்டோ பீத்தோவனை அலறவிட்டுக்கொண்டு வர ஒழுங்கை நாயெல்லாம் ஊளையிடும், இவள் வாலை ஆட்டுவாள். பயத்துக்கு ஒரு நியாயம் இருக்கும் என்று நினைக்கிறவர்கள் புழுதியோடு ஒரு நாள் நடந்து பார்க்க வேண்டும்.

எங்கட பக்கத்தில் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறதே ஒரு பகிடி. பகலில் கட்டி வை, இரவில் அவிட்டு விடு, அவ்வளவுதான் நாய் வளர்ப்பு. "என்ன பிள்ளை, நாயைச் சோடிச்சுக் கூட்டிக்கொண்டு லண்டனுக்கோ?" என்று மாமி கேட்பா. ஆனால் எனக்கு ஒரு தேவை இருந்தது. ஆவணியில் சனசமூக நிலையத்தில் விசர்நாய்த் தடுப்பூசி போட வருவார்கள். முதல் தடவை மாமா அவளை உரப்பைக்குள் போட்டு வாயைக் கட்டி, சைக்கிள் கரியரில் வைத்துத்தான் கொண்டுபோனார். திரும்பி வந்தவள் அன்று முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இந்தமுறை அவள் தன் காலால் நடந்து வரவேணும் என்று சபதம் எடுத்திருந்தேன்.

அந்தச் சபதம்தான் பிழைத்தது. மாசியில் ஒரு நாள், எட்டு மணி லெக்சருக்குப் பிந்துகிற அவசரம். நாற்பதாவது காலடியில் நின்றுவிட்டாள். மேசன்மார் சாரத்தில் நின்று பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு வெட்கம். "கிட்டப் போய்ப் பார்த்தால் பயம் போயிடும்" என்று எல்லாரும் சொல்கிற அந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டே கயிற்றை இழுத்தேன். பின்னங்காலை ஊன்றித் தலையைக் குனிந்து ஓர் உதறல். கழுத்துப்பட்டி என் கையில் தொங்கியது. அவள் பிரதான வீதிப் பக்கம் ஓடினாள். பிரேக் சத்தம் ஒன்று கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு இரவு. மூன்றாம் நாள் காலையில் ஓட்டோ ஓடுகிற அண்ணை ஒருவர் மதகுக்குக் கீழே கண்டுபிடித்தார். ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் கயிற்றை எடுத்தாலே கட்டிலுக்குக் கீழே போய்விடுவாள். குடை, உரப்பை, வெருளி, அந்த வரிசையில் இப்போது நானும்.

வெட்கமான விசயம் என்னவென்றால், இதைப் பற்றி நான் பரீட்சையில் மூன்று பக்கம் எழுதியவள். கலைப்பீடத்தில் உளவியல் என் பாடங்களில் ஒன்று. 1920இல் வாட்சனும் ரேய்னரும் ஒரு குழந்தைக்குப் பயத்தைப் பழக்கிக் காட்டினார்கள். 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் அதற்கு மறுபக்கத்தைச் செய்தார். பீற்றர் என்ற பெடியனுக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை, முயலைக் கண்டால் அலறுவான். அவன் சாப்பிடும்போது கூட்டில் அடைத்த முயலை எட்டத்தில் வைத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டக் கொண்டுவந்தார்கள். கடைசியில் முயல் அவன் விரலைக் கொறிக்கும்வரைக்கும் விட்டான். ஜோன்ஸ் ஓர் எச்சரிக்கையும் எழுதினார்: கவனமில்லாமல் செய்தால், முயலில் ஆசை வருவதற்குப் பதிலாகச் சாப்பாட்டில் பயம் வந்துவிடும். இதையெல்லாம் எழுதி நல்ல புள்ளியும் எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து நாயை இழுத்திருக்கிறேன்.

திரும்பத் தொடங்கினது முற்றத்தில். கயிறு வெறுமனே நிலத்தில் கிடக்கும், பக்கத்தில் அவித்த கோழி ஈரல் துண்டு. அவ்வளவுதான். கழுத்துப்பட்டியை விட்டுவிட்டு நெஞ்சோடு போடுகிற பெல்ட் வாங்கினேன். அதிலிருந்து கழன்று ஓடுவது லேசில்லை, கழுத்தும் இறுகாது. குடைக்கும் இதே வேலை. முதல் கிழமை மூடின குடை, சுற்றிவர ஈரல். பிறகு பாதி விரித்தது. பிறகு முழுக்க விரித்து, ஆனால் அசையாமல். அசைகிற குடை வேறு சாமான், அதற்குத் தனியாக ஒரு கிழமை.

வெருளிக்கு வந்தபோதுதான் தூரம் என்றால் என்னவென்று விளங்கியது. நாற்பதாவது காலடி ஏற்கெனவே பிந்தின இடம். அங்கே அவள் ஈரலை மணந்தும் பார்க்கமாட்டாள். இருபத்தைந்தில் நின்றால் வெருளியின் பானை மட்டும் மதிலுக்கு மேலால் தெரியும். காது பின்னால் போகும், நாக்கால் மூக்கை நக்குவாள், நித்திரை வராமலே கொட்டாவி விடுவாள். ஆனால் சாப்பிடுவாள். பார்க்கிறாள், இருந்தும் சாப்பிடுகிறாள், அந்த இடத்தில்தான் வேலை செய்ய வேணும். ஒழுங்கும் முக்கியம். முதலில் அவள் வெருளியைக் காணவேணும், பிறகு ஈரல். நான் முதலில் ஈரலைக் காட்டி முன்னுக்குக் கூப்பிட்ட இரண்டு நாளும் அவள் ஈரலையே சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கினாள். ஜோன்ஸ் சொன்னது அச்சொட்டாக நடந்தது.

"தடவாத, தடவினா இன்னும் பயப்படப் பழகும்" என்று மாமா சொல்வார். நான் தடவினேன். ஆறுதல் கிடைக்கும் என்பதற்காக ஒருத்தரும் கூடுதலாகப் பயப்படுவதில்லை.

இன்னொன்றும் எல்லாரும் கேட்பார்கள்: "ஆரோ அடிச்சிருக்கினம் போல?" இருக்கலாம். சந்தைக்குப் பின்னால் எடுத்தபோது அவளுக்கு நாலு மாதம் இருக்கும். குட்டிகள் 3ஆம் கிழமையிலிருந்து 12, 14ஆம் கிழமைக்குள் கண்டு பழகாத சாமான்கள் பிறகு பூதமாகத் தெரியலாம். குடைக்குப் பயப்படுகிற நாயைக் குடையால் அடித்திருக்கத் தேவையில்லை, அது குடையைக் கண்டிராமலே இருந்திருக்கலாம். ஆனால் சனத்துக்கு ஒரு கதை வேணும். எங்களைச் சந்திக்க வெளியிலிருந்து வருகிற ஆக்களும் அப்படித்தான். யாழ்ப்பாணத்துப் பிள்ளை மேடையில் கதைக்கக் கூச்சப்பட்டால் உடனே யுத்தம் என்று எழுதிக்கொண்டு போவார்கள். எனக்கு மேடைக்கூச்சம் வந்தது ஆண்டு ஐந்தில் பேச்சுப்போட்டியில் பாதியில் மறந்து நின்றதால். அம்மம்மா ஹெலி சத்தத்துக்கு இன்றைக்கும் உள்ளே போய்விடுவா. அது வேறு. இரண்டையும் ஒரே பைக்குள் போட்டுக் கட்டுவதில் எனக்கு விருப்பமில்லை.

பங்குனி முடிய முப்பத்தைந்துக்கு வந்துவிட்டோம். ஒரு நாள் மழைக்காற்றில் வெருளியின் கை ஆடியது. மறுபடி இருபது. சித்திரையில் மேசன் அண்ணை ஒருவர் பகிடிக்கு அதன் சேர்ட்டைக் கழற்றிவிட்டுச் சிவப்பு ரீசேர்ட் போட்டுவிட்டார். புழுதிக்கு அது புது ஆள். மறுபடி பதினைந்து. நான் மதிலோடு சாய்ந்திருந்து அழுதேன், அவள் என் பொக்கற்றை மணந்தாள். அடுத்த நாள் அந்த அண்ணையே வந்து, "தங்கச்சி, ஆட்டாமல் இருக்கக் கம்பியால கட்டிவிடட்டோ?" என்று கேட்டார்.

தடுப்பூசி நாளில் நாங்கள்தான் கடைசி. வெருளிக்கு முன்னால் என் காலோடு ஒட்டிக்கொண்டு வந்தாள், நிற்கவில்லை. நிலைய வாசலில் உரப்பைகளுக்குள் நாலைந்து நாய்கள் கத்திக்கொண்டு கிடந்தன. அதற்குள் அவளைக் கொண்டுபோக எனக்கு மனமில்லை. எதிர்ப்பக்க மாமரத்துக்குக் கீழே நின்றோம். டொக்டர் பார்த்துவிட்டு, தானே ஊசியோடு றோட்டைக் கடந்து வந்தார்.

ஐப்பசியில் அந்த வீடு குடிபூர்ந்தது. வெருளியைக் கழற்றி எரித்துவிட்டார்கள். அடுத்த நாள் பின்னேரம் அந்த இடத்துக்கு வந்ததும் புழுதி நின்றாள். கம்பு இருந்த குழியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்து இருந்துகொண்டு வாலால் புழுதியைக் கூட்டினாள். நான் பொக்கற்றுக்குள் கையை விட்டேன். ஈரல் கொண்டுவரவில்லை.