பாடத்துக்கு வந்த செல்போன்



எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்குப் பெரிய செல்போன் வந்தது கொரோனா சமயத்தில்தான். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. கல்வி டிவியில் கொஞ்சம் பாடம், வாட்ஸ்அப்பில் கொஞ்சம் பாடம். பௌர்ணமி கிரிவலமும் நின்றுபோய், ரமணாசிரமம் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறவர்களுக்கும் பூ விற்கிறவர்களுக்கும் வருமானமே இல்லை. அப்படியும் "புள்ளைங்க படிப்பு கெட்டுடக் கூடாது" என்று தவணையில் வாங்கிக் கொடுத்தார்கள். பிறகு பள்ளி திறந்தது. பாடம் பள்ளிக்கே திரும்பிவிட்டது. போன் மட்டும் பிள்ளைகள் கையிலேயே தங்கிவிட்டது.

ஆசிரமத்தில் மௌனமாக உட்காருவதற்கு எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். சாயங்காலம் தெரு முனையில் நம்ம பசங்க நாலைந்து பேர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பதும் தூரத்தில் தியானம் மாதிரிதான் தெரியும். கிட்டே போனால் துப்பாக்கிச் சண்டை!

கிராமப்புறப் பிள்ளைகளைப் பற்றி 2024-ல் எடுத்த 'ஏசர்' கணக்கெடுப்பில், 14 முதல் 16 வயது உள்ளவர்களில் 82 சதவீதம் பேருக்கு ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரியும் என்று வந்தது. கேட்ட நாளுக்கு முந்தைய ஒரு வாரத்தில் அதைப் படிப்புக்குப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம். சமூக வலைத்தளம் பார்த்தவர்கள் 76 சதவீதம்.

அம்மா பார்க்கும் சீரியலாவது 'தொடரும்' என்று போட்டு நிறுத்திவிடுவான். ரீல்ஸில் தொடரும் கிடையாது, தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். இப்படி முடிவே இல்லாமல் நகரும் முறையை 2006-ல் உருவாக்கியவர் ஆசா ராஸ்கின் என்ற அமெரிக்கர். பிற்காலத்தில் அவரே அதற்காக வருத்தப்பட்டார். ஆகவே தம்பிகளை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. கீழே வைக்க முடியாதபடிதான் அதைச் செய்திருக்கிறார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அதே கணக்கெடுப்பில், போன் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சொந்தமாக வைத்திருக்கும் பையன்கள் 36 சதவீதம், பெண்கள் 27 சதவீதம். எங்கள் தெருவில் வித்தியாசம் இதைவிட அதிகம். அண்ணன் ராத்திரி பதினொரு மணி வரை விளையாடினால் "கண்ணு கெட்டுடும்டா" என்பதோடு சரி. தங்கச்சி பத்து நிமிஷம் பார்த்தால் "யார்கிட்ட பேசுற?" என்று கேள்வி வரும்.

எனக்குத் தெரிந்த ஒரு அக்காவுக்கு யாரோ முன்பின் தெரியாத ஆள் அசிங்கமாக மெசேஜ் அனுப்பினான். அவள் மறைக்கவில்லை, நேராக அவங்க அம்மாவிடம் காட்டினாள். என்ன நடந்தது தெரியுமா? போனைப் பிடுங்கினார்கள். அடுத்த வாரமே "படிச்சது போதும்" என்ற பேச்சு வந்தது. ஒரு டீச்சர் வீட்டுக்கே போய்ப் பேசிய பிறகுதான் மறுபடி பள்ளிக்கு அனுப்பினார்கள். தப்பு செய்தவன் எங்கேயோ நிம்மதியாக இருக்கிறான். இதைப் பார்த்த மற்ற பெண்கள், தங்களுக்கு அப்படி வந்தால் வீட்டில் சொல்வார்களா? சொல்ல மாட்டார்கள். ரீல்ஸைவிட எனக்கு இதுதான் பயமாக இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் முக்கியமான சமூக வலைத்தளங்களில் கணக்கு வைக்கக் கூடாது என்ற சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. இங்கே வந்தால் நல்லதுதான். ஆனால் எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகளின் கணக்கு அவங்க அம்மா பெயரில் இருக்கிறது, அந்த அம்மாவுக்கே அது தெரியாது!

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் பெற்றோர்கள் வரும்போது, போனை எத்தனை மணிக்கு வாங்கி வைப்பது என்று பேசுகிற கையோடு, பிள்ளை வந்து சொன்னால் முதலில் திட்டாமல் கேளுங்கள் என்பதையும் ஆசிரியர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். வீட்டில் சொல்லவே முடியாத தோழிகளுக்கு 1098 இருக்கிறது. குழந்தைகளுக்கான உதவி எண், காசு கிடையாது. பாட்டியின் பட்டன் போனில் இருந்தும் பேசலாம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி